பின்வாசலால் கொழும்பு காட்டியவர்

என் கதையை எழுத வந்திருக்கிறீர்கள், எழுதுங்கள்: கல்முனைச் சந்தைக்குப் பின்னால் புகை போகிற நெல்லு மில் நான் கட்டியது. அதற்கு முதல் அந்த இடம் வெறும் பற்றைக்காடு. பாம்புக்குப் பயந்து பகலிலும் ஆள் போகாது. கடற்கரைப் பள்ளியில் தொழ முதல் நீங்கள் உளூச் செய்து கைகால் கழுவுகிற தண்ணீர்த் தொட்டிக்குக் கல் இறக்கிக் கொடுத்தது நான். பஸ் நிற்கும் இடத்தில் வரிசையாகத் தெரிகிற கடையறைகள் என்னுடையவை. தங்கச்சிமாருக்கும் பிறகு என் பெண்மக்களுக்கும் கல்வீடு கட்டிக் கொடுத்தவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் சிலேற்றை வைத்துவிட்டு மாட்டுவண்டிலில் ஏறிவிட்டேன். "இவன் கட்டுற வீட்டுக்குக் கூரை வந்தாப் பாப்பம்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது என் கடையறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

என்னால் செய்ய முடியாமல் கிடந்தது ஒன்று. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, எங்கள் வளவிலேயே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். முன்னாலும் பின்னாலும் வாசல் உண்டு, கதவில்லை. பன்பாய் தொங்கும். நான் பிறப்பதற்கு முதல் அவருக்குக் கலியாணம் நடந்ததாம். மாப்பிள்ளை ஒரு வருஷமும் இருக்காமல் வீட்டை விட்டுப் போய்விட்டாராம். அதற்கு மேல் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

"சாச்சி, கதவொண்டு போட்டுத் தாறனே" என்று கேட்டால், "எனக்கென்னத்துக்கு மனே கதவு? கள்ளன் வந்தா பாயத் தூக்கிப் பார்த்துட்டு, பாவம் எண்டு ரெண்டு தேங்காயை வெச்சிட்டுப் போவான்" என்பார்.

யாருக்கும் அடங்காத வாய். ஊர் மரைக்காயர் வந்தாலும் சரி, மௌலவி வந்தாலும் சரி, தலையிலிருந்து தோளுக்கு நழுவிய துணி கிடக்கிற இடத்தில் கிடக்கும்; இழுத்து விடமாட்டார். "இந்த நரைச்ச தலையப் பார்த்து ஆருக்கு என்ன வரப்போகுது?" என்று கேட்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில், பெரிய வெள்ளத்துக்கு முந்திய காலம். இரண்டாவது தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசினோம். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது. வீடு முடியாமல் நிக்காஹ் இல்லை. சுவர் எழுப்பி, ஓடும் போட்டுவிட்டேன். கதவு மட்டும் இல்லை. பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா வெற்றிலையை மென்றுகொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

"வீடு நல்லம்" என்றார். "ஆனா வாயைப் பொளந்துட்டு நிக்கிது."

எனக்கு வாய் முந்திவிட்டது. "கல்முனையில ஒரு வீட்டுலயும் இல்லாத கதவு வரும். கொழும்புக் கதவு. நோன்புக்கு முந்தி வரும்" என்று சபையில் சொல்லிவிட்டேன்.

"வந்தா நிக்காஹ்" என்றார் மாமா. "வராட்டி சாய்ந்தமருதுல ஒரு வீடு கதவோட நிக்கிது."

உள்ளே தங்கச்சி சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வளையல் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

கொழும்பு எனக்குப் பிடித்த பட்டணம். இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் ஊரிலிருந்து போனவர்கள் வந்து அளக்கிற கொழும்பு எனக்குத் தெரியாது. காலிமுகத்திடலில் நான் காற்று வாங்கியதில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை ஆடியதைப் பார்த்ததில்லை. பழம்பொருள் பார்க்க நூதனசாலைப் படியில் கால் வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த கொழும்புக்கு முன்பக்கமே கிடையாது. அந்தக் கொழும்பைக் காட்டியவர் ஒருவர். அவருடைய பெயரை நான் சொல்லவில்லை. மறைப்பதற்காக இல்லை, எந்தப் பெயர் மெய்யான பெயர் என்று எனக்குத் தெரியாது.

மட்டக்களப்பு ரயிலில் வந்து கொழும்பு மருதானையில் இறங்குகிற எங்கள் பக்கத்து ஆட்கள் தேத்தண்ணி குடிக்கிற கடை ஒன்று இருந்தது. பழைய கதவு வேண்டும் என்று நான் கேட்டதும், கடைக்காரர் மூலை மேசையைக் காட்டினார். "அந்தா குடைக்காரர். அவரிட்ட கேளுங்க."

ஐம்பது வயது சொல்லலாம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, வெளுத்த சாரன், மடித்துக் கட்டிய கறுப்புக் குடை. அந்தக் குடையை மழைக்கும் விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார். அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம். விரிக்காத குடைக்குள் என்ன இருக்கும்?

"எந்த ஊர் தம்பி?"

"கல்முனை."

"நானும் உங்கட பக்கந்தான்."

"பக்கமெண்டா? எந்தக் குடி?"

எங்கள் கரையில் ஆளின் பெயரைக் கேட்க முதல் குடியைக் கேட்போம். குடி தாய்வழி வரும். அதைச் சொன்னால் ஆள் யார், எந்த வளவு, யாருக்குச் சொந்தம், எல்லாம் தெரிந்துவிடும். சொல்லாதவனோடு நாங்கள் வெற்றிலையும் மாற்றமாட்டோம்.

"முதல்ல உங்கடதச் சொல்லுங்க" என்றார்.

சொல்ல எனக்கென்ன பயம்? குடியைச் சொன்னேன். உம்மாவின் பெயர், வளவு எந்த ஒழுங்கையில், கிணறு எந்தப் பக்கம், கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சி, பாய் தொங்கவிட்டு வாழ்கிற சாச்சி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் கதைக்கத் தொடங்கினால் அப்படித்தான். அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆடை படிந்தது.

"தேத்தண்ணி ஆறுது காக்கா. உங்கட குடி?" மூத்த ஆணை அண்ணன் முறைக்குக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

"உங்களுக்குக் கதவு ஒண்டுதானே மனே வேணும்?" என்றார். எழுந்து குடையை எடுத்தார்.

கவனித்தீர்களா? உட்காரும்போது நான் தம்பி. எழும்பும்போது மகன். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் உறவு இவ்வளவு கிட்ட வந்தால், மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் நடந்தது ஒழுங்கைகளால். அந்தக் காலத்தில் கொழும்பு வீடுகளின் முதுகுப்பக்கம் கக்கூஸ் வாளிக்காரர் போவதற்கென்று ஒடுக்கமான சந்துகள் இருந்தன. கவுனும் கோட்டும் பெரிய தெருவால் போகும். இந்த மனிதர் என்னை மூக்கைப் பொத்த வைத்து முதுகுப்பக்கத்தால் கூட்டிப்போனார். கொம்பனித்தெரு, கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ், கால்வாய்த் தோணியில் ஓடு இறக்குகிற இடம் என்று எங்கே போனாலும் அப்படித்தான். முன்வாசலால் அவர் எந்த வீட்டுக்குள்ளும் போய் நான் பார்க்கவில்லை.

"ஏன் காக்கா, முன்னால போனா என்ன? கடிக்குமா?"

"முன்வாசல் மாப்பிள்ளைக்குக் காட்டுறதுக்கு" என்றார். "வீடு இடிபடப் போகுது எண்டா முதல்ல குசினிக்குத்தான் தெரியும்."

அது மெய்தான். பின்பக்கத்தில் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். எந்தக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறது, எந்த வீட்டைக் காணியாக்கி விற்கப் போகிறார்கள் என்று அம்மி அரைக்கிற பெண்கள் அவருக்குச் சொன்னார்கள். கொம்பனித்தெருவில் பலகாரம் பொரித்த மலாய்க்காரி வாழையிலையில் இரண்டு வைத்துத் தந்தாள். கிராண்ட்பாஸில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே கயிற்றுக்கட்டிலை விட்டு எழும்பி இடம் தந்தார். எனக்கு அந்தப் பட்டணம் மிகவும் பிடித்துப்போனது அங்கேதான். முன்பக்கத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பின்பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று. மலாய்க்காரி அவரை ஒரு பெயரால் கூப்பிட்டாள். கிழவர் இன்னொரு பெயரால் கூப்பிட்டார். கொச்சிக்கடையில் முதலாளி என்றார்கள். கால்வாயடியில் சிங்களப் பெண் ஒருத்தி, தச்சரைக் கூப்பிடுகிற மாதிரி, பாஸ் உன்னாஹே என்றாள். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று திரும்பினார்.

"ஒரு மனுசனுக்கு எத்தினை பெயர் காக்கா?"

"கூப்பிடுற ஆக்கள்ற விருப்பம் மனே. நான் என்னத்துக்கு மறிக்க?"

இதை நம்பச் சொல்கிறீர்களா? வாப்பா உம்மா வைத்த பெயரை விட்டவன் எதை விடமாட்டான்?

இன்னொரு பழக்கம், கதவைத் தட்டுவது. உள்ளே போவதற்கு இல்லை. குடைப்பிடியால் மரத்தைத் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்பார். பிறகு குடுமி, பிணைச்சல், கொண்டி எல்லாவற்றையும் விரலால் தடவுவார். களவு எடுக்கிறவன் வேறு எதைத் தடவுவான்? கறுவாத்தோட்டத்து மாளிகை ஒன்றின் பின்பக்கத்தில் இப்படித் தடவிக்கொண்டு நிற்கும்போதுதான் பொலிஸ்காரர் வந்தார். கல்முனைக்குக் கதவு வராது, நான் கம்பிக்குள் இருந்து எழுதும் செய்தி வரும் என்று நினைத்தேன். இவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் வாய்விட்டுச் சிரித்து, என் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டைக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னீங்க?"

"மாப்பிள்ளைக்கு வீடு தேடுறம் எண்டன். அவங்கட பக்கம் மாப்பிள்ளைதானே பொம்பிளையக் கூட்டிட்டுப் போற? அதான் சிரிப்பு."

"அப்ப என்ட தோளில ஏன் தட்டினவன்?"

"மாப்பிள்ளை நீங்கதான் எண்டு நினைச்சிட்டான்."

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சிங்களம் தெரியாது. பொலிஸோடு இவ்வளவு லேசாகச் சிரிக்கிறவன் பொலிஸின் ஆளாகவும் இருக்கலாம், பொலிஸுக்குப் பழகிப்போன கள்ளனாகவும் இருக்கலாம். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சந்தேகம் எனக்கு முதல் போடாமல் கிடைத்த சொத்து. அதை வைத்துத்தான் இத்தனையும் கட்டினேன்.

கதவு கிடைத்தது கொச்சிக்கடைப் பக்கம், ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்றில். பறங்கிக் கிழவி ஒருத்தி அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகளிடம் போகிறாள். வீட்டை இடிக்கப் போகிறார்கள். இரட்டைக் கதவு. என் உள்ளங்கை அகலம் கனம். மேலே அரைவட்டமாகக் கொடியும் பூவும் குடைந்த பலகை. கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதிரை. வண்டிலில் மரம் ஏற்றிய கைக்கு அது தெரியும். எங்கள் பக்கத்துக் காட்டில் நிற்கிற சாதி மரம். எந்தக் காலத்திலோ ஒல்லாந்தன் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோயிருப்பான்.

"இது எங்கட காட்டு மரம் காக்கா!"

அவர் குடைப்பிடியால் தட்டினார். காதை வைத்தார். "ஓம்" என்றார். "ஊருக்குப் போகட்டும்."

விலை பேசியது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். கிழவி சொன்ன விலை ஒன்று, கடைசியில் முடிந்தது வேறு. கதவைக் கழற்றி லொறியில் ஏற்றும்போது பார்த்தால் இரண்டாவது கதவொன்றும் ஏறுகிறது. ஒற்றைக் கதவு, சின்னது, வேலைப்பாடு ஒன்றும் இல்லை. நான் அதைக் கேட்கவுமில்லை, விலை பேசவுமில்லை.

"இது ஆருக்கு?"

"பெரிய கதவு தனியப் போனா வழியில ஆடும் மனே. முட்டுக்குடுக்க."

முட்டுக்கொடுக்கத் தென்னங்குற்றி போதாதா? லொறியே தேங்காய் இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்புகிற லொறி. அப்போது எனக்கு எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. அவர் என்னை ரயிலில் போகச் சொன்னார். லொறி பின்னால் வருமாம். நான் ரயிலில் ஏறியதும் லொறி வேறு பக்கம் திரும்பும். என் முதிரைக் கதவு வேறு எவனுடைய வாசலிலோ நிற்கும். தங்கச்சியின் மாப்பிள்ளை சாய்ந்தமருதுக்கு நடந்துபோவார். நான் சபையில் சொன்ன சொல் சந்தியில் கிடந்து நாறும்.

"ரயில் வேணா" என்றேன். "நான் லொறியிலதான் போவன். நீங்களும் ஏறுங்க."

"நான் என்னத்துக்கு?"

"கதவு போய்ச் சேருமட்டும் நீங்க என்ட பக்கத்துல இரிக்கணும். இல்லாட்டி நம்பமாட்டன்."

"நான் ஊருப்பக்கம் வாறதில்ல மனே."

"ஏன்? அங்கயும் பொலிஸ் தேடுதா?"

இந்த முறை சிரிக்கவில்லை. குடையைக் கையில் உருட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். சாரதி ஹோர்ன் அடித்தான். "இறங்கமாட்டன், சொல்லிட்டன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். இறங்காத மனிதன் ஏறுவது எதற்கு? அதுவும் சந்தேகந்தான்.

மொனராகலைக்கு இப்பால் காடு. பொத்துவிலில் கடற்காற்று அடித்தது. அதுவரை சாரதியோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தவர் அக்கரைப்பற்று தாண்டியதும் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நிந்தவூரில், லொறிக்குள் இருந்துகொண்டே, மழையுமில்லை வெயிலுமில்லை, குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே ஒன்றுமில்லை, ஓட்டைக் குடை. சாரதி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். குடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"காரைதீவுச் சந்தியில ஒரு வேம்பு நிண்டது."

"அது விழுந்து கன காலம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குடை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் வளவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைப் பார்க்க ஒழுங்கை நிறைய ஆள். மாப்பிள்ளையின் மாமாவும் வந்துவிட்டார். மேலே குடைந்திருந்த கொடியை அவர் தொட்டுப் பார்த்துவிட்டு வெற்றிலைச் சாற்றை வழமையை விடத் தூரமாகத் துப்பினார். அவ்வளவுதான், நிக்காஹ் உறுதி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினால் குடைக்காரரைக் காணவில்லை. சின்னக் கதவையும் காணவில்லை.

ஓடினேன். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வழி பின்வழிதானே. வேலியைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், சாச்சியின் வீட்டுப் பின்பக்கத்தில், கிணற்றடியில், கதவை முதுகில் சுமந்துகொண்டு வந்து மாமரத்தில் சாத்திவிட்டு நிற்கிறார். சாச்சி வாசற்பாயைத் தூக்கிக்கொண்டு, கையில் மீன் கழுவிய சட்டியோடு வெளியே வந்தார்.

வந்தவர் நின்றார். பார்த்தார். சட்டியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துணியை இழுத்து, நெற்றி மறையும்வரை முக்காடு போட்டுக்கொண்டார்.

மரைக்காயருக்குப் போடாத முக்காடு. மௌலவிக்குப் போடாத முக்காடு.

குடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வேலிக்கடப்பு வழியாகப் போனார். நான் பின்னால் கூப்பிட்டேன். எந்தப் பெயரால் கூப்பிடுவது? "காக்கா! காக்கா!" என்றேன். அது பிழையான உறவு என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் திரும்பவில்லை. லொறியிலும் ஏறவில்லை. மட்டக்களப்பு பஸ்ஸில் போனதாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு மருதானைக் கடையின் மூலை மேசையில் வேறு ஆட்கள்தான் இருந்தார்கள்.

"அவர்தானா சாச்சி?" என்று கேட்டேன்.

சாச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீடு முடியல்ல, வாசலுக்குக் கதவில்ல எண்டு அவர்ர உம்மாட ஆக்கள் வந்து கூட்டிட்டுப் போனாங்க" என்றார். "இந்தப் பின்வாசலாலதான் போனவர். போகக்குள்ள, கதவு கொண்டுவாறன் எண்டு சொன்னவர்." முக்காட்டைத் தள்ளிவிட்டு, பழைய சாச்சியானார். "கதவு நல்ல கதவுதான் மனே. கொஞ்சம் பிந்திட்டுது."

அடுத்த நாள் தச்சரைக் கூப்பிட்டார். முன்வாசலுக்கா என்று தச்சர் கேட்டார். "முன்னுக்குப் பாய் போதும். பின்னுக்குப் போடு" என்றார். கொண்டி எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டதற்கு, "கொண்டி தேவல்ல" என்றார். சாச்சி மௌத்தாகும்வரை அந்தக் கதவு சாத்தியிருந்தது. பூட்டியிருந்ததில்லை.

இப்போது கலியாண வீடுகளில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். தங்கச்சி வீட்டு முதிரைக் கதவைப் படம் பிடிக்க வருகிற பொடியன்கள், "கொழும்பிலிருந்து ஒரு மனுசன் கொண்டுவந்து குடுத்த கதவாம்" என்கிறார்கள். பெரிய மனசுக்காரராம், வாக்கு மாறாதவராம். சொல்லட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தேத்தண்ணிக் கடையிலேயே என்னை யாரென்று தெரிந்துகொண்ட மனிதர், அதை என்னிடம் சொல்லாமல் என்னைக் கொழும்பு முழுக்க நடக்க வைத்தது, கதவு தேடுவதற்கா, ஊருக்குப் போகாமல் இருப்பதற்கு நாள் கடத்துவதற்கா? கதவுகளை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் நழுவப் பார்த்தவர்தானே அவர்?

ஆகவே கணக்கைச் சரியாக எழுதுங்கள். பெரிய கதவைக் கண்டுபிடித்தது அவர். விலை பேசியதும் கொண்டுவந்ததும் நான். சின்னக் கதவு முழுக்க அவருடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அந்த மனிதரை நம்பாமல், பக்கத்தில் ஏற்றி, நிந்தவூர் தாண்டி, காரைதீவு தாண்டி, சாச்சியின் கிணற்றடிவரை கொண்டுவந்து சேர்த்தது என்னுடைய சந்தேகம். நான் நல்லவனாக இருந்து அவரை நம்பியிருந்தால் கதவுதான் வந்திருக்கும், ஆள் வந்திருக்கமாட்டார். சாச்சி அந்த முக்காட்டைப் போட்டிருக்கமாட்டார்.

மில்லையும் கடையறைகளையும் யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதுங்கள். இதை என் பெயரில் எழுதுங்கள்.